‘மனைவி உறுதுணையாக இருந்தார்’ எண்ட ஒரு வரி

விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தைக் கையில எடுத்துப் பாருங்க. பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம், கண்டுபிடிப்பு, பரிசு எல்லாம் பக்கம் பக்கமா இருக்கும். நடுவில எங்கயோ ஒரு வரி வரும்: இன்ன வருடம் இன்னாரைத் திருமணம் செய்தார். மனசுள்ள ஆசிரியர் எண்டா இன்னொரு வரி சேர்ப்பார்: அவரது ஆய்வுகளுக்கு மனைவி உறுதுணையாக இருந்தார். பிறகு கதை திரும்பவும் ஆய்வுகூடத்துக்குப் போயிரும். அந்த மனிசியை அடுத்ததா நாங்கள் சந்திக்கிறது அவரின்ட செத்த வீட்டிலதான்.

‘உறுதுணை’ எண்ட இந்தச் சொல்லில எங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கு. கேட்க மரியாதையாத்தான் இருக்கு. ஆனா அது எந்த வேலையையும் சொல்லாது. எத்தனை மணித்தியாலம், எத்தனை வருடம், அதுக்காக எதை விட்டாங்க எண்டு எதையும் சொல்லாது. இந்தச் சொல்லைப் பிரிச்சு உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பார்ப்பம். தமிழ் ஆக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச மூண்டு பெரிய பெயர்களை எடுப்பம்: இராமானுஜன், சி.வி. இராமன், சந்திரசேகர். மூண்டு வீட்டிலயும் ஒவ்வொரு பெண் இருந்தா.

முதலாவது ஜானகி அம்மாள். 1899 மார்ச் 21ஆம் திகதி பிறந்தவர். 1909 ஜூலையில் இராமானுஜனுக்கும் அவருக்கும் கலியாணம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. 1914 மார்ச் 17ஆம் திகதி இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். அண்டைக்கு ஜானகிக்குப் பதினைந்து வயது முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. 2015ல் வந்த ஆங்கிலப் படத்தில இவரை ஒரு வளர்ந்த காதலியாக் காட்டுவாங்க. படத்துக்கு அது வடிவாத்தான் இருக்கும். ஆனா உண்மையில் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் மாமியாரோட விடப்பட்டது ஒரு சின்னப் பெட்டை. எங்கட கணக்கில தரம் ஒன்பது, பத்துப் படிக்கிற வயசு.

ஐந்து வருடம் கழித்து, 1919 மார்ச் கடைசியில், இராமானுஜன் கடும் நோயோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு இருந்தது ஒரு வருடமும் ஒரு மாதமும் மட்டும். கொடுமுடி, கும்பகோணம், கடைசியாகச் சென்னை சேத்துப்பட்டு என்று வீடு மாறி மாறி வைத்தியம் நடந்தது. அந்தக் காலத்தில் அவரைப் பார்த்தது ஜானகி. நேரத்துக்குச் சோறு, மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தது, வலி வந்தால் நெஞ்சுக்கும் காலுக்கும் வெந்நீர் ஒத்தடம் போட்டது, எல்லாம் அவர். அந்தத் தண்ணீர் சுடவைத்த இரண்டு பாத்திரங்களையும் வயதான காலத்திலும் பத்திரமாக வைத்திருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இப்ப அந்தப் பக்கத்தைப் பாருங்க. இராமானுஜன் அதே ஒரு வருடத்தில் படுக்கையில் கிடந்தபடி கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 1920 ஜனவரி 12ஆம் திகதி ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ‘மாதிரித் தீட்டா சார்புகள்’ என்ற புதிய விசயத்தைச் சொன்னார். ஏப்ரல் 26ஆம் திகதி இறந்துபோனார். வயது 32. கடைசிக் காலத்தில் எழுதின அந்தத் தாள்கள் ஜானகி அம்மாளிடமிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1923ல் பல்கலைக்கழகம் அவற்றை ஹார்டிக்கு அனுப்பியது. பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். 1976ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோர்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் திரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். அதுதான் ‘தொலைந்த குறிப்பேடு’. அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். அவற்றை விளக்கி ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட்டும் 2005 தொடங்கி 2018 வரை ஐந்து பெரிய புத்தகங்கள் எழுத வேண்டியிருந்தது. கருந்துளை ஆய்வு வரைக்கும் அந்தச் சூத்திரங்கள் இண்டைக்கும் பயன்படுது.

நாங்கள் கேட்கிறது சின்னக் கேள்விதான். நோயில கிடந்த ஒருவருக்கு அந்த ஒரு வருடத்தைக் கொடுத்தது யார்? சூத்திரம் அவருடையது. அதில ஒருத்தருக்கும் பங்கில்லை. ஆனா எழுதுறதுக்கு அவருக்குக் கிடைச்ச ஒவ்வொரு பகலுக்கும் பின்னால ஒத்தடம் போட்ட ஒரு இரவு இருக்கு.

அவர் செத்த பிறகு என்ன நடந்தது? ஜானகிக்கு அப்போது வயது 21. பிள்ளை இல்லை. பம்பாயில் இருந்த சகோதரரிடம் போய்ச் சில வருடம் இருந்து தையல் படித்தார். திரும்பிச் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் இருந்து துணி தைத்தும், பெட்டையளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் தந்தது ஒரு சிறு ஓய்வூதியம். 1950ல், இறந்துபோன ஒரு சிநேகிதியின் மகனைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994 ஏப்ரலில், 95 வயதில் இறந்தார். அதாவது 74 வருடம் தனியாக. 1980களின் தொடக்கத்தில், புருசனுக்குச் சிலை வைக்கிறோம் என்று சொன்னவர்கள் எங்கே, சிலை எங்கே என்று அவர் பத்திரிகையில் கேட்டார். அது கேட்டது அமெரிக்காவில் இருந்த கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கிக்கு. உலகம் முழுக்க இருந்த கணிதக்காரர்களிடம் காசு சேர்த்து, போல் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்வித்து, ஒன்றை ஜானகி அம்மாளுக்கும் அனுப்பினார்கள்.

அந்தச் சிலையை எதைப் பார்த்துச் செய்தார்கள் தெரியுமா? இராமானுஜனின் கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து. அந்தப் படம் வெளியில வந்த கதைதான் எங்களை அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகுது. 1936ல் இந்தியாவுக்கு வந்த ஒரு இளம் விஞ்ஞானியிடம் ஹார்டி, இராமானுஜனின் நல்ல படம் ஒன்று தேடிப் பாருங்கள் என்று கேட்டிருந்தார். அந்த இளைஞர் திருவல்லிக்கேணியில் ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அவர் அந்தப் பழைய கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தார். பதினாறு வருடம் அதைப் பாதுகாத்து வைத்திருந்தது அவர்தான். இண்டைக்கு உலகம் இராமானுஜனின் முகமாக அறியிற முகம் அந்த வீட்டில இருந்து வந்தது.

படம் தேடிப் போன இளைஞரின் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அதே பயணத்தில், 1936 செப்டெம்பரில், அவருக்குக் கலியாணம் நடந்தது. பெண், லலிதா துரைசாமி.

லலிதாவின் கதை வேற மாதிரி. அவர் 1910ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்தவர். சந்திரசேகரை அவர் சந்தித்ததே அங்கேதான். முதுமாணிப் பட்டம் பெற்றவர். பள்ளிக்கூட அதிபராக வேலை செய்தவர். பெங்களூரில் இராமனின் ஆய்வுகூடத்திலும் இருந்தவர். அவருடைய பெரியம்மாதான் சகோதரி சுப்புலட்சுமி. பதினொரு வயதளவில் விதவையாகி, பிறகு 1911ல் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த பெண், அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற சின்ன ஊருக்கு, யேர்க்ஸ் வான்காணகத்துக்குப் பக்கத்தில் குடிபோனார். அங்கே வானியல் வகுப்புகளுக்கும் போனார். பிறகு, தன் ஆய்வு வாழ்க்கையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்.

சந்திரசேகர் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்த மனிதர். 1952 தொடக்கம் 1971 வரை ஒரு முக்கியமான வானியல் ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1983ல் நொபெல் பரிசு கிடைத்தபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், லலிதாவின் பொறுமையும் ஆதரவும்தான் தன் வாழ்வின் மையம் என்ற கருத்தைச் சொன்னார். அது உண்மையான நன்றி. அதில எங்களுக்குச் சந்தேகம் இல்லை. 1999 ஜூலையில் அவருடைய பெயர் வைத்த ‘சந்திரா’ விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்ட நேரம் லலிதா கென்னடி விண்வெளி நிலையத்துக்குப் போயிருந்தார். 2013ல், 102 வயதில் இறந்தார். பௌதிகவியல் முதுமாணி ஒருவரை, உலகம் கடைசி வரைக்கும் ‘திருமதி சந்திரசேகர்’ எண்டுதான் படத்துக்குக் கீழ எழுதிச்சு.

மூண்டாவது வீடு, சந்திரசேகரின் சித்தப்பா இராமனின் வீடு. இராமன் நொபெல் வாங்கினது 1930ல். ஆனா அதுக்கு அத்திவாரம் போட்டது கல்கத்தாவில, அரச நிதித் திணைக்களத்தில உத்தியோகம் பார்த்த காலத்தில. அவருடைய அந்தக் கால அட்டவணை பிரபலம்: விடியக் காலையில் ஆய்வுகூடம், பிறகு வீட்டுக்கு ஓடிவந்து சாப்பிட்டு அலுவலகம், பின்னேரம் அலுவலகத்திலிருந்து நேராகத் திரும்ப ஆய்வுகூடம், இரவு நேரம் சென்றுதான் வீடு. எங்கட ஆசிரியர்மார் இதைச் சொல்லித்தான் ‘இப்படிப் படிக்கோணும்’ எண்டு புத்தி சொல்லுவாங்க. அந்த அட்டவணையை நிதானமா வாசிச்சுப் பாருங்க. அதில சமையல் இல்லை. கடைக்குப் போறது இல்லை. உடுப்புத் துவைக்கிறது இல்லை. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளை இல்லை. அதெல்லாம் லோகசுந்தரி அம்மாளின் அட்டவணையில இருந்தது. வீணை வாசிக்கத் தெரிந்த, பல மொழி படித்த அந்தப் பெண்ணின் கால அட்டவணையை ஒரு பள்ளிக்கூடத்திலயும் ஒருத்தரும் வாசிச்சுக் காட்டுறதில்லை.

இங்க ஒரு இடத்தில நாங்கள் நிண்டு யோசிக்க வேண்டி இருக்கு. இந்த மாதிரிப் பேச்சு வந்தா உடன வாற ஒரு வாதம்: ‘உண்மையில் கண்டுபிடிச்சது மனைவிதான், புருசன் பேர் வாங்கிட்டார்.’ ஐன்ஸ்டைனின் முதல் மனைவி மிலேவா மாரிச் பற்றி இந்த வாதம் பல வருடமா நடக்குது. மிலேவா சூரிச்சில் ஐன்ஸ்டைனோடு ஒன்றாகப் படித்தவர். 1919ல் நடந்த விவாகரத்தில், வரப்போற நொபெல் பணம் மிலேவாவுக்கு எண்டு எழுதினாங்க. இதெல்லாம் உண்மை. ஆனா சமன்பாட்டில அவருக்குப் பங்கு இருந்ததா எண்டு அறிஞர்கள் இன்னும் வாதாடுறாங்க. எங்கட கருத்து, அந்த வாதத்தில வெண்டால்தான் மிலேவாவுக்கு மரியாதை எண்டு நினைக்கிறதே பிழை. அப்படி நினைச்சா ஜானகி அம்மாளுக்கு ஒண்டும் மிஞ்சாது. அவர் ஒரு சூத்திரமும் எழுதேல்ல. சமன்பாடு எழுதின மனைவிக்குத்தான் மதிப்பு, ஒத்தடம் போட்ட மனைவிக்கு இல்லை எண்டா, திரும்பவும் நாங்கள் அதே பழைய தராசிலதான் நிறுக்கிறம்.

பனிச்சங்கேணி ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு வழி இருக்கு. எங்கட ஊர்ப் பேருக்குள்ளயே பனிச்சை மரம் இருக்கு. நைலோன் வாறதுக்கு முந்தி, நூல் வலை உக்காம இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டுவாங்க. பிடிச்ச மீன்ல அந்தச் சாறு தெரியாது. சந்தையில அதுக்கு விலையும் இல்லை. ஆனா சாறு ஊட்டாத வலை கொஞ்ச நாளையில தண்ணிக்குள்ள உக்கிப்போகும். மீன் பிடிச்சது சாறு இல்லைத்தான், தோணிக்காரன்தான். எண்டாலும் வலையின் கணக்கில சாறும் சேரும். அதைக் காய்ச்சின கையும் சேரும்.

இன்னொரு வாதமும் வரும்: ‘அவங்க விரும்பித்தானே செய்தாங்க, உங்களுக்கு என்ன?’ ஜானகியிடம் ஒருத்தரும் கேட்கேல்ல. பத்து வயசுப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்கிறது. லலிதா தானாக முடிவெடுத்தார், சரி. ஆனா அவருக்கு முன்னால என்னென்ன கதவு திறந்து கிடந்தது எண்டும் பார்க்கோணும். சந்திரசேகர் வேலை செய்த அதே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1946ல் மரியா கோப்பர்ட் மேயர் என்ற பௌதிகவியலாளர் சேர்ந்தார். கணவரும் அங்கே பேராசிரியர். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சம்பளம் இல்லை என்ற விதியால் அவருக்குப் பதவி மட்டும் கிடைத்தது, சம்பளம் இல்லை. முழுநேரச் சம்பளத்தோடு பேராசிரியர் வேலை அவருக்குக் கிடைத்தது 1960ல், வேறொரு பல்கலைக்கழகத்தில். மூன்று வருடம் கழித்து நொபெல் பரிசு. அந்தக் காலத்துப் பெண்களுக்கு முன்னால இருந்த தெரிவுகள் இப்படித்தான் இருந்தன. இந்தியாவிலும், 1933ல் கமலா பாகவத் என்ற மாணவி பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்துக்காக மறுத்தவர் இராமன். போராடித்தான் அவர் உள்ளே போனார். வாசலைப் பூட்டிப்போட்டு ‘நீயாத்தானே வீட்டில நிண்டா’ எண்டு சொல்லுறது நியாயமில்லை.

எதிர்ப் பக்கத்து உதாரணமும் சொல்லுறம். மேரி கியூரி இரண்டு நொபெல் வாங்கினவர், இரண்டு பிள்ளையள் வளர்த்தவர். எப்படி முடிஞ்சது? பிள்ளைகளைப் பார்த்தது அவருடைய மாமனார், வைத்தியர் யூஜின் கியூரி. 1903ல் நொபெல் குழு மேரியின் பெயரை விட்டுவிடப் பார்த்தபோது, மேரி இல்லாமல் இந்தப் பரிசு சரிவராது என்று எழுதியவர் கணவர் பியேர். ஆக, பெண்ணுக்கும் அந்த ஆதரவு கிடைச்சா அவவும் விஞ்ஞானம் செய்வா. ஆணுக்கு மட்டும் தேவையான மருந்து இல்லை இது. ஆய்வு செய்யிற எவருக்கும் பின்னால வீட்டைச் சுமக்கிற ஒருவர் தேவை. பிரச்சினை என்னெண்டா, அந்த ஒருவர் எப்பவும் மனிசியாத்தான் இருக்கோணும் எண்டு நாங்கள் முடிவுகட்டி வச்சிருக்கிறதுதான்.

சந்திரசேகரின் அம்மா சீதாலட்சுமியையும் சொல்லாம விட மனமில்லை. பத்துப் பிள்ளைகளின் தாய். அவர் தமிழில் மொழிபெயர்த்த ஒரு நாடகம் இப்சனின் ‘பொம்மை வீடு’. புருசனின் வீட்டில் பொம்மையாக இருந்தது போதும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிற ஒரு மனைவியின் கதை. வீட்டுக்குள்ள இருந்த பெண்கள் ஒண்டும் யோசிக்காம இருந்தாங்க எண்டு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் மனசில வச்சிருங்க.

இதெல்லாம் சென்னைக் கதை, சிக்காகோக் கதை எண்டு நினைக்காதீங்க. எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில ஒரு பெருமை இருக்கு. குடி தாய்வழியா வரும், வீடு பெண்பிள்ளைக்குப் போகும், கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாறது. நல்ல விசயம். ஆனா வீட்டின் உறுதி அவவின் பேரில இருந்தாலும், அந்த வீட்டில நேரம் ஆரின்ட பேரில இருக்கு? உயர்தரத்தில உயிரியல் படிச்ச பெட்டை பின்னேர வகுப்பு முடிஞ்சு வந்து தேங்காய் துருவுறா. அதே வகுப்புப் பொடியன் வந்து சாப்பிட்டுப் புத்தகத்தை விரிக்கிறான். பெறுபேறு வந்த பிறகு ‘அவன் கெட்டிக்காரன்’ எண்டு ஊர் சொல்லுது. வித்தியாசம் மூளையில இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்தில இருக்கு. அதை உயர்தரம் படிக்கிற இரண்டு வருடத்தால பெருக்கிப் பாருங்க.

அதுக்குப் பிறகு கலியாணம். இரண்டு பேரும் பட்டதாரிகள் எண்டாலும், மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் வந்தா முதல்ல போறது ஆர், ‘பிள்ளை கொஞ்சம் வளரட்டும், மறுகா பார்ப்பம்’ எண்டு நிக்கிறது ஆர் எண்டு உங்களுக்கே தெரியும். அந்த ‘மறுகா’ கன பேருக்கு வாறதேயில்லை. ஒருவர் கலாநிதிப் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தா பொன்னாடை போர்த்துவம், மாலை போடுவம். மனிசி அந்த நேரம் குசினியில வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பா. இன்னும் சில வீடுகளில அந்தப் படிப்புக்குக் காசு அனுப்பினது மத்திய கிழக்கில வீட்டு வேலை செய்த அம்மாவோ மனிசியோ. அவவின் பெயர் அழைப்பிதழில வராது.

ஆகவே நாங்கள் கேட்கிறது பெரிய புரட்சி ஒண்டும் இல்லை. நாலு விசயம்.

முதலாவது, எழுதுற நாங்கள் எல்லாரும் ‘உறுதுணை’ எண்ட சொல்லை எழுத முதல் ஒரு தரம் யோசிப்பம். என்ன செய்தா எண்டு வினைச்சொல்லால எழுதுவம். சமைச்சா, தாள்களைப் பாதுகாத்தா, நோய் பார்த்தா, தன் வேலையை விட்டா. வினைச்சொல் வந்தா ஆள் தெரிவா.

இரண்டாவது, எங்கட பகுதியில பேர் எடுத்த ஆசிரியர், வைத்தியர், பொறியியலாளர், எழுத்தாளர் வீடுகளில வயசான மனைவிமார் இன்னும் இருக்கிறாங்க. அவங்களிடம் போய் அவரைப் பற்றிக் கேட்காம, அவங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வைப்பம். ஜானகி அம்மாள் 95 வயசு வரைக்கும் இருந்தபடியால்தான் அந்தக் கடைசி வருடம் பற்றி எங்களுக்கு இவ்வளவும் தெரியும்.

மூண்டாவது, தியாகம் எண்டு புகழுறதை நிப்பாட்டுவம். தியாகம் எண்டு சொல்லிட்டா அதைப் பங்கு போட வேண்டிய தேவை இல்லாமப் போயிரும். வேலை எண்டு சொன்னாத்தான் ‘இண்டைக்கு உன்ட முறை’ எண்டு கேட்கலாம்.

நாலாவது பொடியன்மாருக்கு. விஞ்ஞானம் படிக்கிற, ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுற தம்பிமார், இராமனின் கால அட்டவணையைச் சுவரில ஒட்டுங்க, தப்பில்லை. ஆனா அதுக்குப் பக்கத்தில உங்கட வீட்டில இருக்கிற அம்மாவோ, அக்காவோ, நாளைக்கு வரப்போற மனிசியோ, அவங்கட அட்டவணையையும் எழுதி ஒட்டுங்க. விடிய ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமா எழுதுங்க. பிறகு இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, உங்கட பக்கத்தில இருந்து எந்த மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் எண்டு பாருங்க. ஒண்டாவது கிடைக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தில அவங்க என்ன படிப்பாங்க, என்ன செய்வாங்க எண்டது அவங்கட விருப்பம்.